கோடைக் கனிகள்: காலத்தில் பழுத்ததைக் காலத்தில் உண்போம்

சித்திரை பிறந்துவிட்டால் சென்னைத் தெருக்களின் நிறமே மாறிவிடும். மயிலாப்பூர் மாட வீதிகளில் மாம்பழக் கூடைகள் வந்து இறங்கும். தி.நகரில் துணி எடுக்க வந்தவர்கள் தள்ளுவண்டி அருகே நின்று தர்பூசணிக் கீற்றுகளைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் சாலையோரங்களில் நுங்குக் குலைகள் குவிந்திருக்கும். வெயிலைத் தந்த அல்லாஹ், அந்த வெயிலைத் தாங்குவதற்கான கனிகளையும் அதே மாதங்களில் தந்திருக்கிறான்.

சென்னை வெயிலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை சுரக்கும், ஆனால் எளிதில் உலராது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். அது நடக்காதபோது உடல் மேலும் மேலும் வியர்வையை வெளியேற்றுகிறது. தண்ணீரோடு உப்புச் சத்துகளும் போய்விடுகின்றன. 2003 மே மாத இறுதியில் சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. அவ்வளவு வேண்டாம், 38 டிகிரியும் கடல் காற்று வராத ஒரு மதியமும் சேர்ந்தாலே போதும், வயதானவர்களும் குழந்தைகளும் துவண்டுவிடுவார்கள். மே மாதத் தொடக்கத்தில் பிறக்கும் கத்திரி வெயில் மாத இறுதி வரை நீடிக்கிறது. ஹஜ் மாதத்தின் அரஃபா நோன்பும் சில ஆண்டுகளாக மே, ஜூன் மாதங்களில்தான் வந்துகொண்டிருக்கிறது. நோன்பு திறந்த பிறகு உடலுக்கு எதைக் கொடுப்பது என்பது நம் வீடுகளில் உண்மையான கேள்வி.

டமாஸ்கஸில் வாழ்ந்து ஹிஜ்ரி 751இல், அதாவது கி.பி. 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், தமது ‘ஸாதுல் மஆத்’ நூலில் நபி (ஸல்) அவர்களின் உணவு முறையைப் பற்றி எழுதும்போது இதைத் தொடுகிறார்கள். தம் ஊரில் விளையும் பழம் அதன் காலத்தில் வரும்போது நபியவர்கள் அதை உண்டார்கள், ஒதுக்கவில்லை. இது உடல்நலத்தைக் காக்கும் பெரிய காரணங்களில் ஒன்று என்பது அவர்களின் கருத்து. ஒவ்வோர் ஊருக்கும் அங்குள்ள மக்களுக்குப் பொருந்தும் கனியை அந்தந்தப் பருவத்தில் இறைவன் வைத்திருக்கிறான், அளவோடும் உரிய நேரத்திலும் உண்பவருக்கு அது மருந்துபோல உதவும் என்றும் விளக்குகிறார்கள். ‘உள்ளூரில் விளைந்தது, பருவத்தில் விளைந்தது’ என்று இன்றைய உணவியலாளர்கள் வலியுறுத்துவதை ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்.

தமிழர்களுக்கும் இது புதிதல்ல. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இளவேனிலில் தர்பூசணி, கிர்ணி, நுங்கு, மாம்பழம். முதுவேனிலில் நீலம் மாம்பழம், பலா, பிறகு நாவல். இந்த வரிசை தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். பிப்ரவரியிலேயே தங்கம்போல மஞ்சளாக மின்னும் மாம்பழத்தைப் பார்த்தால் அவருக்கு ஆசை வருவதற்கு முன்பே சந்தேகம் வந்துவிடும்.

நபிவழியில் பழம்

கோடைப் பழங்களைப் பற்றி ஹதீஸ் நூல்களில் நேரடியாகவே செய்திகள் உண்டு. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சையின் செங்காயை வெள்ளரிக்காயுடன் சேர்த்து உண்டதை அப்துல்லாஹ் பின் ஜஅஃபர் (ரலி) அவர்கள் பார்த்துச் சொல்கிறார்கள் (புகாரீ, முஸ்லிம்). தர்பூசணியையும் பேரீச்சையுடன் உண்பார்கள். ஒன்றின் சூட்டை மற்றொன்றின் குளிர்ச்சி சமன் செய்யும் என்று அதற்குக் காரணமும் சொன்னதாக ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வருகிறது. அந்த ஹதீஸில் வரும் ‘பித்தீஃக்’ என்ற சொல் தர்பூசணியா, கிர்ணி வகைப் பழமா என்பதில் உரையாசிரியர்களிடையே இரு கருத்துகள் உண்டு. இப்னுல் கய்யிம் (ரஹ்) பச்சைத் தர்பூசணி என்கிறார்கள். இரண்டுமே நம் ஊரில் கோடையில் கிடைப்பவைதான்.

இந்தச் சேர்க்கையை இன்றைய கண்ணால் பார்த்தாலும் பொருள் தெரிகிறது. பேரீச்சம்பழத்தில் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. உடனடியாகத் தெம்பு கொடுக்கும். வெள்ளரியிலும் தர்பூசணியிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நோன்பு திறக்கும்போது மூன்று பேரீச்சையும் ஒரு கிண்ணம் தர்பூசணியும் எடுத்தால், ஒன்று இழந்த சக்தியையும் மற்றது இழந்த நீரையும் ஈடு செய்கின்றன. வடையும் சமோசாவும் இந்த வேலையைச் செய்யாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தர்பூசணியின் சிறப்புகள் என்று நீளமான பட்டியல்கள் ‘ஹதீஸ்’ என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. வயிற்றைக் கழுவும், இன்னின்ன நோயை வேரோடு அகற்றும் என்றெல்லாம் இருக்கும். தர்பூசணி பற்றிப் பல அறிவிப்புகள் இருந்தாலும் மேலே சொன்ன ஒன்றைத் தவிர வேறு எதுவும் ஆதாரபூர்வமானது அல்ல என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பழத்தின் நன்மையைச் சொல்வதற்கு நபியவர்கள் சொல்லாததை அவர்கள் மீது ஏற்றிச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை.

தர்பூசணி பட்ட பாடு

பொய்யான புகழ்ச்சி ஒரு பக்கம் என்றால், ஆதாரமில்லாத அச்சம் இன்னொரு பக்கம். 2025 கோடையின் தொடக்கத்தில் சென்னையில் அதைக் கண்கூடாகப் பார்த்தோம். தர்பூசணியில் ஊசி மூலம் சிவப்பு நிறமி ஏற்றப்படுகிறது என்ற பேச்சு பரவியது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் கலப்படத்தைப் பற்றி எச்சரித்த காணொளி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. சனம் தர்பூசணி வாங்குவதையே நிறுத்தியது. விற்பனை சரிந்து, விலை விழுந்து, விவசாயிகள் வீதிக்கு வந்து போராடினார்கள். பிறகு, மக்கள் அச்சமின்றித் தர்பூசணி உண்ணலாம் என்ற விளக்கம் வந்தது. அந்த அதிகாரியும் மாற்றப்பட்டார். அதற்குள் திண்டிவனம், மரக்காணம் பக்கம் கடன் வாங்கிப் பயிரிட்டவர்களின் ஒரு பருவம் போய்விட்டது.

சிறிது யோசித்தால் புரியும். தர்பூசணியில் ஊசி போட்டால் அந்தத் துளை வழியாகக் கிருமி உள்ளே போகும். இந்த வெயிலில் பழம் விரைவில் கெட்டு, நுரைத்துவிடும். ஏற்றிய சாயமும் பழம் முழுவதும் சீராகப் பரவாமல் ஓரிடத்தில் திட்டாக நிற்கும். கோயம்பேட்டில் லாரி லாரியாக இறங்கும் காயில் ஒவ்வொன்றாக இதைச் செய்து லாபம் பார்க்க முடியுமா? வெட்டி வைத்த கீற்றிலோ, பழச்சாறிலோ சாயம் கலப்பது வேறு விஷயம். அது நடக்கக் கூடியது, அதில் கவனம் வேண்டும். பஞ்சால் துடைத்துப் பார்க்கும் சோதனை ஒரு முதல் சந்தேகத்துக்கு உதவலாம். ஆனால் நல்ல பழத்தின் சாறும் பஞ்சில் இளஞ்சிவப்பாக ஒட்டும். உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கற்பிப்பது. இந்த வசனத்தை நாம் பெரும்பாலும் குடும்பச் சண்டைகளுக்கும் அரசியலுக்கும்தான் பொருத்திப் பார்க்கிறோம். ஒரு காணொளியை முன்னும் பின்னும் யோசிக்காமல் ‘குரூப்’பில் தள்ளிவிடுவதும் இதில் அடங்கும். அதனால் தீங்கடைந்தது முகம் தெரியாத ஒரு விவசாயி.

இனி அதன் பயன். 100 கிராம் தர்பூசணியில் சுமார் 92 கிராம் தண்ணீர், 6 கிராம் அளவுக்குச் சர்க்கரை, 30 கலோரி. சிவப்பு நிறத்தைத் தருவது லைகோபீன் என்ற இயற்கை நிறமி. தக்காளியிலும் இருப்பது அதுவே. கிர்ணிப் பழத்திலும் 90 சதவீதம் தண்ணீர்தான். கூடவே பொட்டாசியமும், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் உண்டு. முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுவதே நல்லது. வெட்டுமுன் தோலை நன்றாகக் கழுவ வேண்டும். தோலை எறியத்தானே போகிறோம் என்று பலர் கழுவுவதில்லை. கத்தி தோலில் உள்ள மண்ணையும் கிருமியையும் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. வெட்டிய பழம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. தெருவில் ஈ மொய்க்க வெட்டி வைத்த கீற்றைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வயிற்றுப்போக்கு வந்ததும் தர்பூசணி சளி பிடிக்கும், வயிற்றைக் கெடுக்கும் என்று பழத்தின் மேல் பழி போடுகிறோம்.

நுங்கு, வெள்ளரி

கோடையில் சென்னைக்குக் கிடைக்கும் எளிய நிஃமத் நுங்குதான். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதற்கு உரம் போடுவாரில்லை, தண்ணீர் ஊற்றுவாரில்லை, மருந்து தெளிப்பாரில்லை. நுங்கின் பெரும்பகுதி தண்ணீர். சர்க்கரை மிகக் குறைவு. ஆகவே சர்க்கரை நோயாளிகளும் தயக்கமின்றி இரண்டு மூன்று சுளை சாப்பிடலாம். மெல்லிய மேல்தோலை உரிக்காமல் சாப்பிட்டால் லேசாகத் துவர்க்கும்; அந்தத் துவர்ப்பு வயிற்றுக்கு நல்லது என்று பெரியவர்கள் உரிக்க விடமாட்டார்கள். இளம் நுங்காக இருந்தால்தான் இது சரி. முற்றிப்போன கடுக்காய் நுங்கு செரிக்காது, வயிற்று வலி வரும். கண்ணெதிரே சீவித் தருபவரிடம் வாங்க வேண்டும். உரித்துப் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டிருப்பது காலையில் உரித்ததா, நேற்று உரித்ததா என்று நமக்குத் தெரியாது.

நுங்கில் ரோஸ் சிரப், பால், சர்க்கரை, சப்ஜா விதை எல்லாம் சேர்த்து ‘நுங்கு சர்பத்’ ஆக்குவது நம் வீடுகளில் வழக்கம். ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் நுங்கில் இல்லாத சர்க்கரையை நாமே ஊற்றிவிட்டோம்.

2021இல் தமிழ்நாடு அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனை மரத்தை வெட்டக் கூடாது என்று அறிவிக்கப்பட்டது. செங்கல் சூளைக்குப் பனை போனதெல்லாம் போய், இப்போதாவது தோன்றியதே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகிறது என்ற ஹதீஸ் (புகாரீ, முஸ்லிம்) நமக்குத் தெரியும். கிராமத்தில் நிலம் உள்ள சென்னைவாசிகள் வரப்போரம் நான்கு பனங்கொட்டையைப் புதைக்கலாம்.

வெள்ளரிப் பிஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழுவித் தோலோடு கடிக்க வேண்டியதுதான். கடற்கரையில் மாங்காயையும் வெள்ளரியையும் கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவித் தருவது சென்னையின் அடையாளம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த உப்பை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

மாம்பழம்: நிறம் என்னும் சாட்சி

மாம்பழத்துக்கு வருவோம். 1340களில் தமிழகக் கரைக்கு வந்து மதுரை சுல்தானின் அரசவையையும் பார்த்துச் சென்ற இப்னு பதூதா, இந்தியாவின் பழங்களை எழுதும்போது மாங்காயை உப்பிட்டு ஊறுகாய் போடுவது முதல் பலா, நாவல் வரை விவரிக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் கண்ணை முதலில் இழுத்தது மாமரம்.

சென்னைக்குச் சேலம், கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் ஆந்திராவின் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மாம்பழம் கோயம்பேடு மொத்தச் சந்தைக்கு வருகிறது. 1996இல் கொத்தவால்சாவடிச் சந்தை அங்கே மாறிய பிறகு, மயிலாப்பூர்க் கடைக்காரரானாலும் அடையாறு தள்ளுவண்டிக்காரரானாலும் சரக்கு எடுப்பது பெரும்பாலும் அங்கேதான். ஏப்ரல் பாதியில் பங்கனப்பள்ளி சூடு பிடிக்கும். மே மாதத்தில் இமாம் பசந்த், மல்கோவா, ருமானி. ஜூன், ஜூலையில் நீலம்.

100 கிராம் மாம்பழத்தில் 60 கலோரி, 14 கிராம் அளவுக்குச் சர்க்கரை. வைட்டமின் சி கணிசமாக உண்டு. கண்ணுக்கும் தோலுக்கும் தேவையான பீட்டா கரோட்டினும் உண்டு. நார்ச்சத்து மலச்சிக்கலைக் குறைக்கும். மாம்பழம் சூடு என்று தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் நல்ல பழக்கம்தான். காம்புப் பக்கம் வடியும் பாலும் தோலில் உள்ள தூசியும் அதில் போய்விடும். அந்தப் பால் பட்டுத்தான் சிலருக்கு உதட்டோரம் புண் வருகிறது.

இவ்வளவு நன்மையும் பழுத்த பழத்துக்கு உரியது. பிரச்சினை அங்கேதான். முற்றாத காயைப் பறித்து, கார்பைட் கல்லைப் பொட்டலம் கட்டிக் கூடைக்குள் வைத்துவிடுகிறார்கள். கால்சியம் கார்பைட் ஈரத்தில் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். வெல்டிங் பட்டறையில் இரும்பை ஒட்ட எரிக்கும் அதே வாயு. அது பழத்தின் தோலை ஓரிரு நாளில் மஞ்சளாக்கிவிடும். உள்ளே காய் காயாகவே இருக்கும். அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சுப் பொருட்களின் எச்சங்கள் இருக்கின்றன. தலைசுற்றல், தீராத தாகம், எரிச்சல், விழுங்குவதில் சிரமம், வாந்தி என்று இதன் தீங்குகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரிசைப்படுத்தி எச்சரிக்கிறது. 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதிகள் கார்பைட் கொண்டு பழுக்க வைப்பதைத் தடை செய்கின்றன. அதற்குப் பதிலாக, பழங்கள் இயற்கையாகவே வெளியிடும் எத்திலீன் வாயுவைத் தனி அறையில் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? பழத்தின் பக்குவம் வெளிப்படுவதற்கு முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). பக்குவம் என்றால் என்ன என்று கேட்கப்பட்டபோது, சிவப்பதும் மஞ்சளாவதும் என்ற விளக்கம் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. அல்லாஹ் அந்த விளைச்சலைத் தடுத்துவிட்டால் சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுப்பாய் என்ற கருத்தும் அதில் உண்டு. மரத்தில் இருக்கும் கனியின் நிறத்தையே வியாபாரத்துக்குச் சாட்சியாக ஷரீஅத் ஏற்றுக்கொண்டது. வாங்குபவர் பழத்துக்குள் போய்ப் பார்க்க முடியாது. நிறத்தை நம்பித்தான் பணம் கொடுக்கிறார். கார்பைட் செய்வது அந்தச் சாட்சியைப் பொய்யாக்குவது. தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட நபியவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்த சம்பவம் முஸ்லிமில் இருக்கிறது. மேலே மஞ்சளும் உள்ளே காயுமாக இருக்கும் மாம்பழம் அந்தக் குவியலைப் போன்றதே. இதில் உடலுக்குத் தீங்கும் சேர்ந்துவிடுவதால் குற்றம் இரட்டிப்பு.

நம் சமுதாயத்தில் பழ வியாபாரிகள் நிறைய இருக்கிறார்கள் என்பதால் இரண்டு வேறுபாடுகளைச் சொல்லிவிடுகிறேன். மாங்காயை மாங்காயாகவே, ஊறுகாய்க்கோ குழம்புக்கோ உடனே பறித்துக்கொள்ளும் நிபந்தனையில் விற்பதில் தவறில்லை. ஃபுகஹாக்கள் அதை அனுமதித்திருக்கிறார்கள். அதேபோல, மரத்திலேயே நன்றாக முற்றிய காயைப் பறித்து, அனுமதிக்கப்பட்ட எத்திலீன் அறையில் பழுக்க வைப்பது வைக்கோலில் பழுக்க வைப்பதன் நவீன வடிவம்தான். அதை மோசடி என்று சொல்ல முடியாது. காய் முற்றியதா என்பதே முக்கியம். பூப் பூத்த நிலையிலேயே தோப்பின் விளைச்சலைப் பேசி முன்பணம் கொடுத்துவிடும் வழக்கம் பற்றித் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னும் உண்டாகாத கனியை விற்பது மேற்சொன்ன ஹதீஸின் தடைக்குள் வருகிறது. ஒப்பந்தத்தை எப்படி மாற்றி அமைக்கலாம் என்பதை ஊரில் உள்ள ஆலிமிடம் காகிதத்தோடு போய்க் கேட்பதுதான் முறை. அறுவடை நாளில் அதன் உரிமையைக் கொடுத்துவிட வேண்டும் என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141ஆம் வசனம் சொல்கிறது. ஹனஃபி மத்ஹபில் மாம்பழத்துக்கும் உஷ்ர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பழங்களில் பேரீச்சைக்கும் திராட்சைக்கும் மட்டும்தான் ஜகாத். சென்னையில் இரு மத்ஹபினரும் ஒரே கடைவீதியில் இருப்பதால் குழப்பம் வர வேண்டாம்.

வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது? இயற்கையாகப் பழுத்த பழம் எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சளாக இருப்பது அரிது. காம்பருகே கொஞ்சம் பச்சை இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் மணக்கும், லேசாக அமுக்கினால் நெகிழும். கல் வைத்த பழம் பளிச்சென்று ஒரே நிறமாக இருக்கும், மணமே இருக்காது, வெட்டினால் கொட்டை அருகே வெளுத்துப் புளிக்கும். தண்ணீரில் மிதந்தால் கெட்டது, மூழ்கினால் நல்லது என்ற சோதனையை நான் நம்புவதில்லை. கூடைக்குள் வெள்ளை, சாம்பல் நிறப் பொடிப் பொட்டலம் இருந்தால் வாங்கவே வேண்டாம்; உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லலாம். அதைவிட நல்ல வழி, முற்றிய காயாக வாங்கி வீட்டில் பழுக்கப் போடுவது. அரிசிப் பானைக்குள்ளோ, வைக்கோலிலோ, செய்தித்தாளில் சுற்றியோ வைத்தால் பழம் விடும் எத்திலீன் வெளியே போகாமல் அதையே பழுக்க வைக்கும். பக்கத்தில் ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்தால் இன்னும் வேகமாகப் பழுக்கும். இமாம் பசந்துக்கு இதுதான் சரி. அவசரப்படுத்தினால் ருசி போய்விடும்.

பருவத்தின் முதல் பழம் வந்தால் மதீனாவாசிகள் அதை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அதற்கும் ஊருக்கும் பரக்கத் வேண்டி துஆச் செய்துவிட்டு, அங்கிருப்பவர்களில் மிகச் சிறிய குழந்தையைக் கூப்பிட்டு அதைக் கொடுப்பார்கள் (முஸ்லிம்). வீட்டில் முதல் மாம்பழம் வெட்டும்போது இந்த சுன்னத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் ‘கொட்டை யாருக்கு’ என்ற சண்டை கொஞ்சம் அடங்கும்.

‘ஹழ்ரத், சர்க்கரை இருக்கு…’

ஜும்ஆ முடிந்ததும் கோடையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சர்க்கரை இருக்கிறது, மாம்பழம் சாப்பிடலாமா? பதில் மருத்துவரிடம் இருக்கிறது. ஆனால் பொதுவாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் கோபாலபுரத்து மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அது. நகரங்களில் கிராமங்களைவிட அதிகம். பிரியாணியும் பரோட்டாவும் வாரம் இருமுறை நடக்கும் நம் வீடுகளைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு மாம்பழம் ஹராமும் இல்லை, விஷமும் இல்லை. அளவும் நேரமும்தான் கேள்வி. நடுத்தர அளவுப் பழத்தில் பாதி, ஏறக்குறைய 100 கிராம், காலைக்கும் மதியத்துக்கும் இடையில் தனியாகச் சாப்பிடலாம். அன்று வேறு இனிப்பு வேண்டாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் பழத்தைத்தான் தட்டில் வைக்கச் சொல்கிறது. வயிறு முட்ட நெய்ச்சோறு சாப்பிட்ட பிறகு ‘ஒரே ஒரு மாம்பழம்’ என்று முழுப் பழத்தை முடிப்பதில்தான் சர்க்கரை ஏறுகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கருவியில் பார்த்தால் நம் உடம்பே பதில் சொல்லும். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற ஹதீஸைப் (திர்மிதீ) பழத்துக்கு மட்டும் விலக்கி வைக்க முடியாது. பலாச்சுளையில் 100 கிராமுக்கு 19 கிராம் சர்க்கரை. அதில் இரண்டு சுளையோடு கையை எடுத்துவிட வேண்டும்.

பழச்சாறு வேறு கணக்கு. ஒரு டம்ளர் மாம்பழச் சாற்றுக்கு இரண்டு பழம் போகும். சக்கையோடு நார்ச்சத்து போய்விடும். சர்க்கரை மட்டும் வேகமாக இரத்தத்தில் ஏறும். கடையில் அதற்கு மேல் நான்கு கரண்டி சர்க்கரையும், எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸும் விழும். பல் இருப்பவர்கள் பழத்தைக் கடித்தே சாப்பிடலாம்.

சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள், குறிப்பாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ‘பழம்தானே’ என்று எண்ணிவிடக் கூடாது. இளநீர், கிர்ணி, மாம்பழம், பேரீச்சம்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குழப்பும். கோடையில் உபசரிப்பதாக நினைத்து நோயாளிக்கு இளநீரை வற்புறுத்திக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளியைப் பார்க்கப் போகும்போது முதலில் வீட்டாரிடம் கேட்டுவிட்டு வாங்கிச் செல்லுங்கள்.

வெயிலில் போனவர் வியர்வை நின்று, உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் அது வெப்பவாதம். அப்போது பழமோ சாறோ வாயில் ஊற்றக் கூடாது. நிழலில் கிடத்தி, உடலைத் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தர்பூசணியை விதை எடுத்து, சிறு துண்டுகளாக்கி, உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும். முழு நுங்குச் சுளையும் தொண்டையில் வழுக்கிச் சிக்கக் கூடும்.

ஆனி முடிந்து ஆடி வரும்போது நாவல்பழம் தெருவுக்கு வரும். துவர்ப்பும் இனிப்புமான அந்தப் பழத்தைச் சர்க்கரை உள்ளவர்கள் ஒரு கைப்பிடி சாப்பிடலாம். அதன் கொட்டையைக் காயவைத்துப் பொடி செய்து குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று சொல்பவர்கள் அப்போது மறுபடியும் கிளம்புவார்கள். பொடியைக் குடிப்பதாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.